ஜப்பான் டபுள் பேரல் வாங்கப் போகிறவர்களுக்கு

உத்திரமேரூர் வட்டாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும், மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும், போடலாமா வேண்டாமா என்று யோசனையில் இருக்கும் விவசாயிகளுக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாக நம் பக்கத்தில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு பெரியவர் காலமாகிவிட்டாராம், அவர் வைத்திருந்த ஜப்பான் டபுள் பேரல் விலைக்கு வருகிறதாம், பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லையாம், வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்களாம். மானாம்பதியில் ஒரு மாதிரியும் சாலவாக்கத்தில் வேறு மாதிரியும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நான் சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையில் மிஸ்திரியாக வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் என்பதால் ஆளாளுக்கு என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். கேள்வி எல்லாம் ஒன்றுதான்: "அண்ணே, ஜப்பான் மேக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடலாம்ல?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான் துப்பாக்கி அருமையான துப்பாக்கி. கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். காட்டுப்பன்றிக்காக மட்டும் வாங்காதீர்கள்.

பன்றி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இங்கே மனுப் போடுகிற பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது அதுதான். வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் நிலம் உழுது போட்டது போல ஆகிவிடுகிறது. கரும்பிலும் இதே கதை. அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் வேறு, பன்றியைச் சுடும் அனுமதி வேறு. முதலாவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இரண்டாவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022-ல் திருத்திய பிறகு காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் நிலம், உங்கள் பயிர், உங்கள் லைசென்ஸ், உங்கள் தோட்டா எல்லாம் சரியாக இருந்தாலும், வனத்துறை எழுத்தில் அனுமதி தராமல் சுட்டால் குற்றம்தான். பயிர்க் காவலுக்கு என்று காரணம் எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டுதான் பலர் துப்பாக்கிக் கடை விலாசம் கேட்கிறார்கள். சுடப் போவது நாம் இல்லை, பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். நம் வேலை கிராம அளவிலான குழு மூலம் கோரிக்கை வைப்பது, பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்பது. இது போதுமா என்றால், போதாது. பன்றி வருகிற வேகத்துக்கும் குழு கூடுகிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதற்காக வனத்துறையிடம் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். அவுட்டுக்காய் வைப்பது, லைன் கம்பியிலிருந்து கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் இழுப்பது எல்லாம் பன்றியைவிட மனுஷனையும் மாட்டையும்தான் அதிகம் காவு வாங்குகின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. நம் கிழக்கே வேடந்தாங்கல், அதை அடுத்து கரிக்கிலி என்று பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் கொடுப்பதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். கிழக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் மனுப் போடுவதற்கு முன்பு வரைபடத்தை வைத்துத் தூரத்தை அளந்து பாருங்கள். மனு ஏன் நகரவில்லை என்று பல மாதம் புலம்பியவர்கள் சிலருக்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். வேடந்தாங்கல்காரர்கள் துப்பாக்கிக்கு எதிராக நின்றது நேற்றைய கதையும் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் எழுதி வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கும்பினி ஆட்சியில் ஒரு கிராமம் இப்படிச் சாதித்தது பெரிய விஷயம். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் குடவோலைக்குப் பக்கத்திலேயே இதையும் வைக்கலாம்.

இப்போது விற்பனைக்கு வருகிறதாகச் சொல்லப்படும் அந்தத் துப்பாக்கிக்கு வருவோம்.

தரகர் யாராவது வந்தால் மேக் என்ன, விலை என்ன என்று ஆரம்பிக்காதீர்கள். "இப்ப அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். சரியான பதில் இரண்டே இரண்டுதான்: போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, அல்லது லைசென்ஸ் உள்ள டீலர் கடையில் இருக்கிறது. "வீட்டு பீரோவிலதான் இருக்கு, வாங்க காட்டுறேன்" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. அவர் போனால் அதுவும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் மகனோ மருமகனோ சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் ஒப்படைத்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்குக் குறைந்தபட்சமே 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை என்பது உண்மைதான். வழக்குப் பதிவாகும்போது அதை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் உண்மை. வேடிக்கை பார்க்கப் போன நீங்களும் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தால் உங்கள் கைரேகையும் அதில் இருக்கும்.

உயிரோடு இருக்கும் லைசென்ஸ்காரரிடம் நேரடியாக வாங்குவதற்கு வழி இருக்கிறது. தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை, வாங்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு அவர் விற்கலாம். ஆனால் யாருக்கு விற்கப் போகிறேன் என்று பெயர், விலாசத்தோடு மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகுதான் பொருள் கை மாற வேண்டும். ஐந்தாம் பிரிவு இது. "பணத்தைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க, பேப்பர் பின்னாடி வரும்" என்பது மாட்டுச் சந்தையில் நடக்கலாம், இதில் நடக்காது. உங்கள் பக்கத்திலும் முதலில் லைசென்ஸ், பிறகுதான் பொருள். வாங்கியதும் கலெக்டர் ஆபீஸில் காட்டி, மேக், போர், நம்பர் எல்லாம் லைசென்ஸில் ஏற வேண்டும். இப்போது ஒவ்வொரு லைசென்ஸுக்கும் நாடு முழுக்க ஒரே தனி அடையாள எண். அது இல்லாத பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலைவதில் பயனில்லை. 2019-க்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. தாத்தாவின் சிங்கிள் பேரலும் நாட்டுத் துப்பாக்கியும் ஏற்கெனவே உங்கள் லைசென்ஸில் இருந்தால் ஜப்பானுக்கு இடமில்லை.

விற்கிற குடும்பத்துக்கும் ஒரு வார்த்தை. வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இடமிருக்கிறது. இறந்த பிறகுதான் என்றில்லை. லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு விண்ணப்பிக்கலாம். நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் வாரியத்துக்கு நிற்பவருக்கு 70 வயதைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் எழுபது தாண்டிய நம் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

சரி, பேப்பர் எல்லாம் சுத்தம், துப்பாக்கி டீலர் கடை மேஜை மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன பொருள், ஜப்பானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1980-களின் நடுவில் தனி ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது நின்று போனது. பெயர் பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும் வழி உண்டு. ஆகவே இங்கே கை மாறுகிற வெளிநாட்டுச் சரக்கு பெரும்பாலும் அதற்கு முன்னால் வந்தது. புதிதாக வராததால் பழையதற்கு மவுசு. அமெரிக்காவில் நடுத்தர விவசாயி கொட்டகையில் மாட்டி வைத்திருக்கிற அதே துப்பாக்கி இங்கே நகைக்கடை விலை பேசுகிறது. விலை ஏறியதற்குக் காரணம் தட்டுப்பாடு. தரம் நல்ல தரம்தான், ஆனால் நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு தரத்துக்குப் போவதில்லை என்பதை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

குழல் மேல் அமெரிக்கப் பெயரும், கீழே 'மேட் இன் ஜப்பான்' என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் தன் கடைசிக் காலத்தில் வடிவமைத்தது, குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த 'சூப்பர்போஸ்ட்'. அவர் 1926-ல் இறந்த பிறகு, 1931-ல் பெல்ஜியத்தில் செய்து விற்பனைக்கு வந்தது. கைவேலை அதிகம், கூலி ஏற ஏறக் கட்டுப்படியாகவில்லை. அதே அமைப்பைக் கொஞ்சம் எளிமையாக்கி 1973-ல் 'சிட்டோரி' என்று கொண்டுவந்தார்கள். செய்தது ஜப்பானின் கோச்சி மாநிலத்து மிரோகு கம்பெனி. கோச்சி என்றதும் நம் கேரளத்துக் கொச்சியை நினைக்காதீர்கள். இது ஷிகோகு தீவில் இருக்கிறது. மிரோகு தன் சொந்தப் பெயரிலும் செய்தது, 'சார்லஸ் டேலி' என்ற பெயருக்கும் செய்து கொடுத்தது. 'வின்செஸ்டர் 101' என்பதும் ஜப்பான்தான். தொச்சிகியில் இருந்த ஓலின்-கோதென்ஷா தொழிற்சாலையில் 1963 முதல் 1987 வரை செய்தார்கள். மூன்றாவது எஸ்.கே.பி. இபராகியைச் சேர்ந்த சகாபா குடும்பம் 1855-ல் தொடங்கியது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. பெயர் மட்டும் துருக்கிக்குப் போயிருக்கிறது. ஆகவே பழைய எஸ்.கே.பி.யில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் இங்கே யாராவது மிஸ்திரி கையால் செய்துதான் போட வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

துப்பாக்கி ஜப்பானுக்குப் போனதே 1543-ல், தனேகாஷிமா தீவில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் கையில்தான். இன்றைக்கு ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிற அதே ஜப்பானில், சொந்தக் குடிமகன் ஒரு ஷாட்கன் வாங்குவதற்குள் எழுத்துப் பரீட்சை, சுடும் பரீட்சை, டாக்டர் சான்று, போலீஸ் விசாரணை என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். வருஷா வருஷம் ஸ்டேஷனில் காட்ட வேண்டும். நம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கேட்டாவது கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

எந்த வருஷத்துச் சரக்கு என்று தரகர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. பிரௌனிங் பெயரில் 1976 முதல் வந்தவற்றில் நம்பரோடு இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இசட் என்றால் 1, ஒய் 2, எக்ஸ் 3, டபிள்யூ 4, வி 5, டி 6, ஆர் 7, பி 8, என் 9, எம் என்றால் சைபர். 'ஆர்.டி.' என்றிருந்தால் 76. 'பி.ஒய்.' என்றிருந்தால் 82. 'என்.எக்ஸ்.' என்று போட்டிருந்தால் அது 93. இறக்குமதி நின்ற பிறகு செய்த துப்பாக்கி இங்கே எப்படி வந்தது என்பது கேட்க வேண்டிய கேள்வி. போட்டி வீரர் ஒருவர் முறைப்படி கொண்டுவந்ததாக இருக்கலாம், அதற்குரிய காகிதத்தை வாங்கிப் பாருங்கள். நம்பரை ராவி மறுபடி பொறித்த தடம் இருந்தால் பேச்சே வேண்டாம். குழலிலும் பூட்டிலும் முன்கட்டையிலும் நம்பர் ஒத்துப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனிமேல் சொல்வதுதான் என் தொழில்.

கையில் வாங்கியதும் முதல் காரியம், லீவரைத் தள்ளித் திறந்து இரண்டு குழலும் காலியா என்று பார்ப்பது. கடைக்காரர் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் நீங்களும் பாருங்கள். இதில் கோபித்துக்கொள்கிற கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம். பிறகு மூடி, மேலே இருக்கும் லீவர் எங்கே வந்து நிற்கிறது என்று பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் பூட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் நின்றால் நன்றாக உழைத்த துப்பாக்கி. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடியபடியே கட்டையைப் பிடித்துக் குழலை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். முன்கட்டை மாட்டியிருக்கும்போது ஆட்டம் தெரியாது, அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழற்றினால்தான் குட்டு வெளிப்படும். மயிரிழை ஆட்டம் இருந்தாலும் பூட்டு வேலை இருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

குழலைத் தனியாகக் கழற்றி, கொக்கிப் பகுதியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, மற்றொரு கை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல குழல் ரீங்காரமிட்டு நீளமாக ஒலிக்கும். இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டை எங்கேயாவது விட்டுப் போயிருந்தால் ஓசை அடைத்துக்கொண்டு 'டொக்' என்று நிற்கும். அதை எண்ணெய் போட்டோ பாலிஷ் போட்டோ மறைக்க முடியாது. அதனால்தான் எனக்கு இந்தச் சோதனை மேல் தனிப் பிரியம்.

பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்சம் வட்ட வட்டமாக விழும். அந்த வட்டம் எங்கேயாவது கோணினால் வெளியே நசுங்கியிருக்கிறது. முழு வளையமாக ஒரு நிழல் தெரிந்தால் உள்ளே எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள், குழல் உப்பியிருக்கிறது. விரல்களை வெளிப்பக்கம் மெல்ல ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும். நசுங்கலை எடுக்கலாம். உப்பியதை எடுக்க முடியாது. துருக்குழி அங்கங்கே புள்ளியாக இருந்தால் பரவாயில்லை, தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஆழமாக இருந்தால் வேண்டாம். நம் பக்கத்துத் துப்பாக்கிகளில் துரு அதிகம் வெளிப்படுவது குழலில்கூட இல்லை. கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில். மழைக்காலத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். அங்கே கட்டையில் தலைமுடி அளவு விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். விட்டால் உதைக்கு உதை அது நீண்டுகொண்டே போகும்.

ஒரு விஷயத்தில் ஜப்பான் துப்பாக்கிக்கு வீணாகக் கெட்ட பெயர் வருகிறது. விசை ஒன்று, குழல் இரண்டு. டம்மி தோட்டா போட்டு அழுத்தினால் முதல் குழல் 'டிக்' என்கிறது. மறுபடி அழுத்தினால் ஒன்றும் இல்லை. வாங்க வந்தவர் முகம் சுருங்கும், விற்பவர் தலையைச் சொறிவார். மிரோகுவிலும் பழைய வின்செஸ்டர் 101-லும் முதல் வெடியின் உதைதான் இரண்டாவது குழலுக்கு விசையை மாற்றிக் கொடுக்கும். உதை இல்லையென்றால் மாறாது. முதல் அழுத்தத்துக்குப் பிறகு கட்டையின் அடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அழுத்துங்கள், இரண்டாவதும் விழும். விழாவிட்டால்தான் ரிப்பேர். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல துப்பாக்கியைப் பழுது என்று அரை விலைக்கு விற்ற வீடு உண்டு; அது தெரிந்தே அரை விலைக்கு வாங்கிய ஆளும் உண்டு.

தோட்டாவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

பன்னிரண்டு போர் என்பது ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் பருமன், சுமார் 18.5 மில்லிமீட்டர். அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பன்னிரண்டு போர்த் தோட்டாவையும் எந்தப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கியிலும் போடலாம் என்று நினைப்பதுதான் நம் ஊர் வழக்கம். தோட்டாவுக்கு நீளமும் உண்டு. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை. ஜப்பான் துப்பாக்கிகள் பொதுவாக 70, அதாவது இரண்டே முக்கால் அங்குலம். மூன்று அங்குலமும் உண்டு. தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பது வெடித்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால் 70 தோட்டா 65 அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் கழுத்தை அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். தாத்தாவின் பழைய இங்கிலீஷ் துப்பாக்கியும் புது ஜப்பானும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாப் பெட்டிகளைத் தனித்தனி அலமாரியில் வையுங்கள். கிர்க்கி தொழிற்சாலைத் தோட்டா வாங்கும்போதும் 65-ஆ 70-ஆ என்று பார்த்து வாங்குங்கள். அறையின் நீளம் துப்பாக்கியிலேயே பொறித்திருக்கும்; இல்லையென்றால் கடைக்காரரைக் கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பிரிட்டன் வழியாக வந்த ஜப்பான் துப்பாக்கிகளில் பர்மிங்ஹாம் அல்லது லண்டன் சோதனை முத்திரையோடு இந்த அளவும் இருக்கும்.

இருபது போர்த் தோட்டா அதைவிட ஆபத்து. அதைப் பன்னிரண்டு போர்க் குழலில் தவறிப் போட்டால் உள்ளே வழுக்கிப் போய் அறைக்கு முன்னால் சிக்கிக்கொள்ளும். போட்டவருக்கு ஒன்றும் தெரியாது. காலியாக இருக்கிறதே என்று பின்னால் ஒரு பன்னிரண்டைப் போட்டு அழுத்தினால் குழல் வெடித்துவிடும், இடது கை போய்விடும். இருபது போர்த் தோட்டாவைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். வீட்டில் இரண்டு போரும் வேண்டாம்.

பன்றி கூடாது என்றால் பிறகு இது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த வகைத் துப்பாக்கியை முக்கியமாக உலகம் பயன்படுத்துவது பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப், ஸ்கீட் போட்டிகளுக்கு. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வாங்கினார், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் நின்றார். நம் பிள்ளைகளில் யாருக்காவது கை நிதானமும் கண் கூர்மையும் இருந்தால் முதலில் கிளப்பில் சேர்த்து, அங்கே இருக்கிற துப்பாக்கியில் பழகவிட்டு, பிறகு வாங்குங்கள். தனி வீட்டில், ஊருக்கு வெளியே பம்ப்செட் கொட்டகையில் இரவு தங்குகிறவர் தற்காப்புக்கென்று வாங்கினால் அதுவும் சட்டம் ஒப்புக்கொள்கிற காரணம்தான். ஆனால் அந்தக் காரியத்துக்கு விலை உயர்ந்த ஜப்பான் வேண்டியதில்லை, நல்ல நிலையில் உள்ள இந்தியச் சிங்கிள் பேரலே போதும். கௌரவத்துக்கு வாங்குகிறேன் என்பவரிடம் எனக்கு வாதமில்லை. பீரோவில் சாவி போட்டு, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வைத்துவிட்டுக் கௌரவமாக இருங்கள்.

தேர்தல் ஞாபகமும் இருக்கட்டும். அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். கொடுப்பதற்கு முன்பு குழலுக்குள்ளும் வெளியிலும் எண்ணெய் தடவி, முடிந்தால் உறையோடு கொடுங்கள். ரசீதில் மேக்கும் நம்பரும் மட்டும் போதாது. கட்டையில் கீறல் இல்லை, துரு இல்லை என்று நிலைமையையும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்காமல் வந்துவிட்டு, திரும்பி வாங்கும்போது துருவைக் காட்டிச் சண்டை போட்டவர்களுக்கு இதுவரை நியாயம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். லைசென்ஸின் ஜெராக்ஸும், துப்பாக்கியின் மேக், நம்பர், அதில் பொறித்திருக்கும் எழுத்துகளை எல்லாம் பார்த்து எழுதிய ஒரு தாளும் இருந்தால் போதும், மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பழைய மிஸ்திரி